கடைசி இரண்டு இலக்கங்கள்

ஸ்டூடியோக்களின் உள்ளறையில், கழுத்து வலிக்க வலிக்க உட்கார்ந்து, ஊரார் முகங்களைத் திருத்திக்கொண்டிருக்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்காவது என்னைத் தெரிந்திருக்கும். கொடகவெல டவுனில் எடிட்டிங் செய்துகொண்டிருந்த அக்கா என்றால், "ஓ, அந்தக் கோபக்காரியா?" என்பீர்கள். அவளேதான். கண் இரண்டும் இனி முடியாது என்று கையை விரித்த பிறகு வேலையை விட்டேன். கோபம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான் அரை நாள் உட்கார்ந்து செய்ததை, ஊற்றிவைத்த தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறீர்கள். அழுத்துவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருக்கிறதே, கை மவுஸில் இருக்கும், மனம் எங்கேயோ இருக்கும், அந்த நேரத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது.

நம்மிடம் வருகிறவர்கள் யாரும் படத்தைக் கூர்மையாக்கச் சொல்லிக் கேட்பதில்லை. "கொஞ்சம் கிளியர் பண்ணித் தாங்க" என்பார்கள். அழுக்குக் கண்ணாடியைத் துடைத்தால் பின்னால் இருப்பது தெரியும் அல்லவா, அப்படி ஏதோ நாம் செய்வதாக அவர்கள் நினைப்பு. நீங்களும் அப்படி நினைத்துவிடக் கூடாது. படத்தில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரங்களில், வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக்குகிறோம், இருட்டை இன்னும் கொஞ்சம் இருட்டாக்குகிறோம். அவ்வளவுதான் நம் வித்தை. கண்ணுக்கு மை தீட்டுவது மாதிரி. மை தீட்டினால் கண் எடுப்பாகத் தெரியும், பார்வை கூடிவிடாது.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்குச் சிரிப்பான கதைகள் நிறைய உண்டு. பக்கத்து ஊர் ஸ்டூடியோவில் ஒரு கெட்டிக்காரர், கல்யாண ஆல்பம் முழுவதையும் ஒரே இழுப்பில் கூர்மையாக்கி அச்சுக்கு அனுப்பிவிட்டார். சேலைச் சரிகை தகதக என்று மின்னியதென்னவோ உண்மை. கூடவே பெண்ணின் கன்னத்துப் பவுடர் வெடித்த வயல் மாதிரி தெரிந்தது, மேலுதட்டில் மெல்லிய மீசையும் முளைத்திருந்தது. பெண்ணின் அம்மா ஆல்பத்தைத் திறந்து, "இது யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்டாராம். அது சிரித்துவிட்டு மறுபடி அச்சடித்துக் கொடுக்கக்கூடிய பிழை. நான் சொல்லப்போவது அப்படிப்பட்டது இல்லை.

மழைக்காலம். எங்கள் டவுனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், நான் பிறந்து வளர்ந்த அதே மேக்கணக்கில், அதுதான் மேல் பிரிவில், மாலையில் வேலை விட்டு லயத்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த புஷ்பம் என்ற பெண்ணை வெள்ளை வேன் ஒன்று மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. தூறலும் மூட்டமுமாக இருந்ததாம். முடக்கில் நின்றிருந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி புத்தியோடு போனைத் தூக்கி ஒரு படம் எடுத்திருக்கிறாள். ஒரே ஒரு படம். அதற்குள் வேன் வளைவைத் தாண்டிவிட்டது. புஷ்பத்தைச் சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு, தோட்டத்து லொறியில் ஏற்றி, இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கணவன் செல்வமும் கூடவே போனான்.

மறுநாள் காலை ஸ்டூடியோ திறந்து சாம்பிராணி போடுவதற்குள் தோட்டத்துத் தலைவர் வந்து நின்றார். தொழிற்சங்கத் தலைவர் அவர். நேர்மையான மனிதர், தோட்டத்தில் ஒரு கஷ்டம் என்றால் முதல் ஆளாக ஓடுகிறவர். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு அவரைக் கெட்டவர் என்று நினைத்திருந்தால் என் வேலை எவ்வளவோ சுலபமாகியிருக்கும். அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் வாசலை அடைத்து நின்றார்கள்.

"பொலிசுல காட்டுனோம் அக்கா. நம்பர் வாசிக்க ஏலாது, கொழும்புக்கு அனுப்பிப் பாக்கணும், நாளெடுக்கும்ங்கிறாங்க. நீங்க கொஞ்சம் கிளியர் பண்ணிக் குடுத்தீங்கன்னா போதும். எங்களுக்குத் தெரியும் யாருன்னு. நசீர் நானாவோட வேன். கடைசி ரெண்டு நம்பரும் முப்பத்தெட்டு. நல்லாப் பாருங்க, முப்பத்தெட்டுன்னு தெரியுதுதானே?"

பின்னால் நின்ற ஒருவன், "பொலிசுக்கு எதுக்குத் தலைவரே? கட இந்தாதானே இருக்கு" என்றான்.

நசீர் நானாவின் பலசரக்குக் கடை எங்கள் ஸ்டூடியோவுக்கு நேர் எதிரில், பாதைக்கு அந்தப் பக்கம். அன்று அதன் இரும்புக் கதவு பாதி இறக்கியிருந்தது. ஆள் உள்ளேதான் இருந்தார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தலைவர் சொன்னதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. தோட்டத்துப் பாதையில் ஓடுகிற வாகனங்களைப் பிறந்த பிள்ளைகூடச் சொல்லிவிடும். தோட்டத்து லொறி, பெரிய தொரையின் ஜீப், ஸ்கூல் பஸ். வெள்ளை வேன் என்றால் நசீர் நானாவின் வேன். அரிசியும் மாவும் கருவாடும் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமைகளில் மேலே வருவது அதுதான். மூட்டத்தில் வெள்ளையாக ஏதாவது அசைந்தாலே எங்கள் லயத்துப் பிள்ளைகள் "நானா வாறாரு" என்று கத்தும். புஷ்பம் அடிபட்ட அன்றைக்கும் சனிக்கிழமைதான். அவருடைய வேன் மேலே போனது எல்லோருக்கும் தெரியும். மழைக்கு முன்னமே இறங்கிவிட்டேன் என்று அவர் சொல்கிறார். அதற்குச் சாட்சி அவர் கடையில் வேலை செய்கிற இரண்டு பேர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நசீர் நானாவை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. வெங்காயம் கேட்டால் நாலுக்கு ஒன்று அழுகியிருக்கும். திருப்பிக் கொண்டுபோனால், "மழ நாளுல வெங்காயம் அப்பிடித்தான் ஈக்கும் மகள்" என்று நமக்கே பாடம் நடத்துவார். அவருக்காக நான் பரிந்து நிற்க ஒரு காரணமும் கிடையாது.

தலைவருடைய போனிலிருந்து படத்தை எடுத்துக்கொண்டு, எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்னேன். "என் கதிரைக்குப் பின்னால யாரும் நிக்கக் கூடாது. நின்னா எனக்கு வேல ஓடாது." இது எனக்கு ஆரம்பத்திலிருந்தே உள்ள பிடிவாதம். நீங்களும் பழக்கிக்கொள்ளுங்கள். பின்னால் நிற்கிற ஆளின் மூச்சு நம் கையைத் தள்ளும்.

படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். பாதி படம் மூட்டம். வேனின் பின்பக்கம் ஒரு மூலையில் சின்னதாக. நம்பர் தகட்டில் முன்னால் உள்ளவை வெறும் சாம்பல் தடங்கள். கடைசி இரண்டு இடத்தில் மட்டும் ஏதோ இலக்கம் மாதிரி இரண்டு கருமை. போனுக்குப் போன் அனுப்பி அனுப்பிப் படம் இன்னும் நைந்து போயிருந்தது.

பார்த்தவுடன் எனக்கும் முப்பத்தெட்டு என்றுதான் தெரிந்தது.

கொஞ்சம் கூர்மையாக்கினேன். முப்பத்தெட்டு இன்னும் நன்றாகத் தெரிந்தது. திரையில் கூர்மையைக் கூட்டுகிற கோட்டைப் பிடித்து இன்னும் வலப்பக்கம் தள்ளினேன். எட்டின் இரண்டு வட்டமும் எழும்பி வந்தன. சண்டை பிடித்து வெங்காயம் வாங்கிய மனிதர், ஒரு பெண்ணை அடித்துப் போட்டுவிட்டுக் கடையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா என்று எரிச்சல் வந்தது. எழும்பிக் கதவைத் திறந்து, "தலைவரே" என்று கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

கூப்பிடவில்லை. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே நம்பரை என் காதில் போட்டுவிட்டார்களே என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. நான் படத்தை வாசித்தேனா, காதில் விழுந்ததை வாசித்தேனா? எனக்கே தெரியவில்லை. தொழிலில் எத்தனையோ பயம் பட்டிருக்கிறேன். என் கண்ணையே நம்ப முடியாத அந்தப் பயம் வேறு மாதிரி இருந்தது.

எங்கள் ஸ்டூடியோவில் கவுண்டரில் இருந்தவள் தில்ஹானி என்ற சிங்களப் பிள்ளை. அவள் வீடு தோட்டப் பக்கமே கிடையாது. நானாவுடைய வேனின் நம்பரும் அவளுக்குத் தெரியாது. எல்லோரும் தமிழில் பேசியதால் பாதி விஷயம் அவளுக்கு விளங்கியும் இருக்காது. அவளை உள்ளே கூப்பிட்டு, ஒன்றும் திருத்தாத படத்தைக் காட்டி, கடைசி இரண்டும் என்ன என்று மட்டும் கேட்டேன். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அக்கே, மேக்க ஹயக் நேத?" என்றாள். கடைசி இலக்கம் ஆறு இல்லையா என்கிறாள். முதல் இலக்கம் மூன்றா ஐந்தா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பிறகு மறுபடி பார்த்தேன். ஆறு என்று அவள் சொன்ன பிறகு, என் கண்ணுக்கும் ஆறு தெரிய ஆரம்பித்துவிட்டது. எட்டைத் தேடினால் எட்டு. ஆறைத் தேடினால் ஆறு.

அப்போதுதான் எங்கள் கம்பியூட்டரில் புதிதாக ஒன்று வந்திருந்தது. மங்கிய படத்தைக் கொடுத்தால், அங்கே என்ன இருந்திருக்கும் என்று தானே ஊகித்து வரைந்து கொடுத்துவிடும். நீங்கள் எல்லோரும் இப்போது நாளாந்தம் பாவிக்கிறீர்களே, அதேதான். நம்பர் தகட்டை மட்டும் வெட்டி எடுத்து அதனிடம் கொடுத்தேன். அச்சடித்த மாதிரி அழகான முப்பத்தெட்டு வந்தது. வெட்டிய இடத்தைச் சற்று அகலமாக்கி மறுபடி கொடுத்தேன். அதே அழகோடு முப்பத்தாறு. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். ஐம்பத்து மூன்று. மூன்றும் துலக்கம். மூன்றில் எதிலும் ஒரு தயக்கம்கூட இல்லை. மனிதன் பொய் சொன்னால் எங்கேயாவது ஒரு தடுமாற்றம் தெரியும். இது எதையும் பொய் என்று தெரிந்து சொல்லவில்லை, அதனால் தடுமாறவும் இல்லை.

மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்கதவை யாரோ தட்டினார்கள். ஸ்டூடியோவின் பின்பக்கம் ஒரு குறுக்குச் சந்து உண்டு. திறந்தால் நசீர் நானா. தொப்பி நனைந்திருந்தது. சுற்றி வந்திருக்கிறார்.

"மகள், அந்தப் போட்டோவ நல்லாக் கிளியர் பண்ணுங்க" என்றார். "என்ட வேன் இல்லன்னு எல்லாருக்கும் தெரியட்டும். இப்ப உள்ள கம்பியூட்டருல எல்லாம் தெரியுமாமே."

வாசலில் நிற்கிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். இவரும் அதையேதான் கேட்கிறார். இரண்டு பக்கமும் என் பெட்டிக்குள் தங்களுக்குச் சாட்சி இருப்பதாக நம்பிக்கொண்டு நிற்கிறார்கள்.

"தெரியல நானா" என்றேன். "எவ்வளவு செஞ்சும் நம்பர் வாசிக்க முடியல."

அவர் கண் திரைக்குப் போய்விட்டது. மூன்று படமும் அங்கே திறந்தபடி இருந்தன. நடுவில் உள்ளதைக் காட்டினார். "அந்தா முப்பத்தாறு ஈக்கிதே! அதக் குடுங்களேன். என்ட கடைய நெருப்பு வைக்கப் போறானுகள் மகள். உள்ளுக்குப் பொடியனுகள் ரெண்டு பேரும் பயந்துபோய் ஈக்கிறானுகள். அந்தப் படத்த வெளிய காட்டினா முடிஞ்சுபோகும்தானே."

முடிந்துதான் போயிருக்கும். கேளுங்கள், இதுதான் நான் சொல்ல வந்த இடம். தப்பான படத்தைக் கொடுத்து ஒருவரை மாட்டிவிடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்கு நான் தேவையில்லை. ஆனால் தப்பான படத்தைக் கொடுத்து ஒருவரைக் காப்பாற்றலாமா? வாசலில் கூட்டம். எதிரே பாதி இறக்கிய கதவு. ஒரே ஒரு பிரிண்ட். தில்ஹானியும் ஆறு என்றுதானே சொன்னாள் என்று மனம் சாக்குத் தேடியது. என் கை மவுஸில்தான் இருந்தது.

"குடுக்க மாட்டேன் நானா. அதுவும் நம்பர் இல்ல. கம்பியூட்டர் வரைஞ்சது."

"அப்ப நான் மோதினேன்னு செல்றீங்களா?"

"அதையும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "பக்கத்துப் பக்கத்துல எத்தின வருஷம் ஈக்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அதே சந்து வழியாகத் திரும்பிப் போனார். அவர் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. வந்ததை வந்ததென்று சொல்வதில் வெட்கம் இல்லை.

உங்களைக் காக்க வைக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். சில கிழமைகள் கழித்து அந்த வேன் அகப்பட்டது. தூர ஊரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து, பாதை தவறித் தோட்டத்துக்குள் புகுந்த வாடகை வேன். சாரதியே மனம் பொறுக்காமல் தன் முதலாளியையும் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனான். அதன் கடைசி இலக்கங்கள் முப்பத்தெட்டும் இல்லை, முப்பத்தாறும் இல்லை, ஐம்பத்து மூன்றும் இல்லை. நான் மட்டும் அன்றைக்கு இரக்கப்பட்டு அந்த முப்பத்தாறை வெளியே காட்டியிருந்தால், முப்பத்தாறு என்று முடிகிற வெள்ளை வேன் வைத்திருக்கும் யாரோ ஒரு மனிதர், எங்கோ தன் வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், என்ன பாடு பட்டிருப்பார் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஆனால் அன்று காலை இதெல்லாம் யாருக்குத் தெரியும்? வெளியே சத்தம் கூடியது. கதவை இரண்டு தரம் தட்டிவிட்டார்கள். தில்ஹானி பயந்துபோய், பூட்டட்டுமா என்று கேட்டாள். அந்த நேரத்தில்தான் இரத்தினபுரி பஸ்ஸிலிருந்து செல்வம் இறங்கினான். வீட்டுக்குப் போய்ப் புஷ்பத்துக்கு உடுப்பு எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டுமென்று வந்தவனைக் கூட்டம் பிடித்து நிறுத்தி, விஷயத்தைச் சொல்லி, ஸ்டூடியோவுக்கு அனுப்பியது. தலைவரும் கூட வரப் பார்த்தார். செல்வத்தை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

மனைவியைத் தூக்கிய அதே சட்டையோடு வந்திருந்தான். கையில் கறை காய்ந்திருந்தது. புஷ்பம் எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"நம்பர் தெரிஞ்சிருச்சாக்கா?"

"உக்காரு செல்வம். நான் ஒன்னு காட்டுறேன். பேசாம பாரு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரை என் கதிரைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அசல் படத்தைத் திறந்தேன். அவன் கண்ணெதிரிலேயே நம்பர் தகட்டை வெட்டி எடுத்துக் கம்பியூட்டரிடம் வரையக் கொடுத்தேன். முப்பத்தெட்டு எழும்பி வந்தது. அவன் விருட்டென்று எழுந்துவிட்டான்.

"இதுதான்! இதுதானேக்கா!"

"பொறு."

மறுபடி அசல் படத்திலிருந்து தொடங்கினேன். முப்பத்தாறு. மறுபடி. ஐம்பத்து மூன்று. அவன் மெதுவாக உட்கார்ந்தான்.

"இதுல எதுக்கா சரி?"

"எதுவும் சரியில்ல. நம்பர் இந்தப் படத்துல விழவே இல்ல செல்வம். இது என்னமோ வரைஞ்சு குடுக்குது."

"அப்ப மொதல்ல வந்துச்சே?"

"அதுவும் இது வரைஞ்சதுதான். ஆனா எல்லாரும் சொன்ன நம்பர் அது. அத மனசுல வச்சுக்கிட்டுப் பாத்தா எனக்கும் அதுதான் தெரிஞ்சிச்சு. ஒனக்கும் அதான்."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நானா இல்லன்னு சொல்றீங்களா?"

"அது எனக்குத் தெரியாது. அவரு செஞ்சாரா இல்லையான்னு இந்தப் படத்துக்கும் தெரியாது. மூணையும் பிரிண்ட் எடுத்துத் தாறேன். வெளிய காட்டு. அவங்களும் பாக்கட்டும்."

செல்வம் தலையை ஆட்டினான். "வேணாங்கா. அவங்களுக்குத் தேவையான ஒன்ன வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் கிழிச்சுப் போட்டுருவாங்க. அழிச்சிருங்க."

படிப்பும் அனுபவமும் உள்ள எனக்கு அது தோன்றவில்லை. கூட்டத்துக்கு நடுவில் இருந்து வந்தவனுக்குத் தோன்றியது. அவன் முன்னாலேயே மூன்றையும் அழித்தேன். அசல் படத்தை மட்டும் பொலிஸுக்கென்று வைத்துக்கொண்டேன்.

எழுந்து போகப் போனவன் கதவடியில் நின்றான். என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "அந்த நம்பர் வந்த ஒடனே எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமாக்கா? நேத்திலேர்ந்து யாரத் திட்டுறதுன்னு தெரியாம இருந்தேன். யாராச்சும் ஒருத்தன் வேணுமா இல்லையா?"

தம்பி தங்கச்சிமாரே, ஒரு கறுப்புத் தடத்தை இலக்கமாக்கித் தரச் சொல்லிக் கேட்கிறவர்களுக்குள்ளே அப்படி ஒரு தவிப்பு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் நீங்கள் இல்லை என்று சொல்ல வேண்டும். விறைப்பாகச் சொல்லாதீர்கள். திரையைத் திருப்பிக் காட்டுங்கள். உங்கள் கண் எந்த இடத்தில் ஏமாந்ததோ, அதே இடத்தில் அவர்களையும் ஒரு நிமிடம் உட்காரவையுங்கள். எனக்குத் தெரிந்து வேறு வழி கிடையாது.

செல்வம் கதவைத் திறந்து வெளியே போனான். நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். கூட்டம் அவனை நோக்கி ஒரு அடி முன்னால் வந்தது.

"நம்பர் தெரியல" என்றான்.

"என்னடா சொல்ற? கம்பியூட்டர்ல போட்டுமா தெரியல?" தலைவருக்கு நம்பவே முடியவில்லை.

"போட்டுத்தான் பாத்தேன். நானே கண்ணால பாத்தேன் தலைவரே. அதுல நம்பர் இல்ல."

பின்னாலிருந்து ஒருவன் என்னைப் பற்றி ஏதோ சொன்னான். நானா ஏதோ கொடுத்திருப்பார் என்கிற மாதிரி. செல்வம் அவன் பக்கம் திரும்பினான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அடிபட்டவ என் பொண்டாட்டி. தெரியலன்னு நான் சொல்றேன்."

ஆனால் யாரும் கலைந்து போகவில்லை. பாதி இறக்கிய அந்தக் கதவைப் பார்த்தபடி அப்படியே நின்றார்கள். தெரியாது என்பது எவ்வளவு பலவீனமான வார்த்தை என்று அப்போது எனக்கு விளங்கியது. அவர் இல்லை என்று நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. இந்தக் கூட்டம் இன்று போனாலும் நாளைக்கு வரும் என்றே நினைத்தேன்.

செல்வம் பாதையைக் கடந்தான். நேரே நானாவின் கடைக்குப் போய், இரும்புக் கதவுக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்தான். என்ன செய்யப் போகிறான் என்று எனக்கும் தெரியாது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நானும் வெளியே வந்துவிட்டேன். கதவுக்குக் கீழே அவனுடைய கால்கள் மட்டும் தெரிந்தன, எதிரே நானாவுடைய கால்கள். பாதையில் அவ்வளவு அமைதி. அவன் குரல் எங்களுக்கெல்லாம் கேட்டது.

"நானா, ஒரு சுடுதண்ணி பிளாஸ்க் குடுங்க. ஆஸ்பத்திரிக்கு."

ராக்கைத் தட்டிலிருந்து பெட்டி இறங்கும் சத்தம். நசீர் நானா யாருக்கு பிளாஸ்க் விற்றாலும் தண்ணீர் ஊற்றி, மூடித் தலைகீழாகப் பிடித்து, ஒழுகவில்லை என்று காட்டித்தான் கொடுப்பார். அன்றைக்கும் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"புள்ளைக்கு எப்பிடி ஈக்கிது?" நானாவின் குரல்.

"விடியக் காலம் கண்ணத் தொறந்தா நானா. தண்ணி கேட்டா."

"அல்ஹம்துலில்லாஹ்."

செல்வம் வெளியே வரும்போது ஒரு கையில் பிளாஸ்க். இன்னொரு கையில், நானா சுற்றிக் கொடுத்த ஏதோ பொட்டலம். இரண்டையும் வைத்துக்கொண்டு குனிய முடியவில்லை. பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறுமையான கையால் கதவை மேலே தள்ளினான். அது கடகடவென்று முழுவதும் ஏறிவிட்டது. உள்ளே மாவு மூட்டைகளுக்கு நடுவில், நனைந்த தொப்பியோடு நசீர் நானா நின்றுகொண்டிருந்தார்.

செல்வம் யாரையும் பார்க்காமல் லயத்துப் பாதையில் நடந்தான். தலைவர் தலையைக் குனிந்துகொண்டு அவன் பின்னால் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அந்தக் கதவை அதற்குப் பிறகு யாரும் இறக்கவில்லை.